பிசிர் தேய்ந்ததால்தான் கோடு வெளிறுகிறது
பிக்காசோவின் 1905 கழைக்கூத்தாடிப் படங்களைப் பார்த்துச் செம்புத் தகட்டில் ட்ரைபாயின்ட் (அமிலம் இல்லாமல் ஊசியாலேயே தகட்டில் கோடு கீறி அச்செடுக்கும் முறை) கீறியதாகவும், பத்தாவது பிரதியிலேயே கோடு வெளிறிவிட்டதாகவும், தாள்தான் காரணமோ என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாளில் கோளாறு இல்லை. ஊசி கீறும்போது கோட்டின் ஓரத்தில் புரட்டிவிட்ட உலோகப் பிசிரில்தான் மை தங்கும். ஒவ்வொரு அழுத்தத்திலும் அது நசுங்கிக்கொண்டே போகும். ஊசியை ரொம்பச் சாய்த்தால் பிசிர் மெலிந்து சீக்கிரம் ஒடியும், தகட்டுக்கு 60 பாகையை ஒட்டியே பிடியுங்கள். கெட்டியான மை துடைக்கும்போதே பிசிரைப் பெயர்த்துவிடும். ஓரிரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் கலந்து, கஞ்சி போட்ட வலைத்துணியால் லேசாகத் துடையுங்கள்.

பாரிஸ் கலை வணிகர் வொல்லார் 1913இல் பிக்காசோவின் அந்தத் தகடுகளுக்கு, கோடு தேயாமலிருக்க எஃகு முலாம் பூசித்தான் 250 பிரதிகள் வெளியிட்டார். எண்ணிக்கை கிடைத்தது, வெல்வெட் கருமை போயிற்று. ஐந்தாறு பிரதி போதுமென்றால் உங்களுக்கு முலாம் வேண்டாம்.