வாசல் படிப் பூச்சு ஏன் வெடிக்கிறது?

கேள்வி: வீட்டுக்கு வெளியே இருக்கும் ஐந்து படிகளுக்கும் போன வருடம்தான் சிமெண்ட் பூசினோம். அதே கையோடு பூசிய சுவர் நன்றாக இருக்கிறது. படியில் மட்டும் விரிசல், முனைகளும் பெயர்கின்றன. சிமெண்டைக் கூடப் போட்டு மேலேயே ஒரு பூச்சு பூசிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். சிமெண்ட் கூடக் கூட, கலவை காயும்போது சுருங்குவதும் கூடும், அப்புறம் இப்போது இருப்பதைவிட அதிகமாக வெடிக்கும். வழவழப்புக்காக ஈரப் பூச்சின் மேல் வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பார்களே, சிலந்திவலை மாதிரி மெல்லிய கீறல்கள் வருவதற்கு பெரும்பாலும் அதுதான் காரணம்.

சுவரில் விழுகிற மழை வழிந்து போய்விடும். படியில் தேங்கும், கீறல் வழியாக உள்ளே இறங்கும், வெயில் அடித்தால் மேல்பூச்சு முதலில் சூடாகி விரியும், அடியில் இருக்கும் கான்கிரீட் அவ்வளவு சீக்கிரம் விரியாது. இந்த இழுபறி தினமும் நடக்கிறது, போதாததற்கு மிதியும் முனையிலேயே விழுகிறது. சுவருக்குப் பூசுகிற 12, 15 மில்லிமீட்டர் கனம் இதையெல்லாம் தாங்காது.

முதலில் ஒரு சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்கும் இடமெல்லாம் பூச்சு பிடிப்பு விட்டுவிட்டது, அதை முழுக்க வெட்டி எடுத்தே ஆக வேண்டும். அடித்தளத்தை நன்றாகக் கொத்திவிட்டு, தூசி போகக் கழுவி, ஈரமாக்கி, சிமெண்ட் பால் (தண்ணீரில் குழைத்த வெறும் சிமெண்ட்) அடித்து, அது காயும் முன்பே பூசச் சொல்லுங்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு வண்டல் இல்லாத பருமணல், கனம் 25 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். குழைய வரட்டும் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் பூச்சு பலம் இழக்கும். படியின் ஓர் அடி அகலத்துக்குக் கால் அங்குலம் முன்பக்கமாக வாட்டம் கொடுத்தால் தண்ணீர் நிற்காது. படி சுவரைத் தொடும் இடத்தை ஒட்டிப் பூசாமல் சின்ன இடைவெளி விட்டு, நெகிழும் பசையால் அடையுங்கள்.

அப்புறம் ஈரச் சாக்கைப் போட்டு ஏழு நாளாவது காயவிடாமல் வையுங்கள். பலரும் இரண்டாம் நாளே விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதில்தான் ரொம்ப வருத்தம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: விரிசல் எல்லாப் படிகளையும் குறுக்கே கடந்து பக்கச் சுவருக்கும் போயிருந்தால் அது பூச்சின் குற்றமாக இருக்காது, அடியில் மண் இறங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் பூசுவதற்கு முன் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.