வாசகர் கேள்வி–பதில்: சுவருக்கு ஒரு பிட், இரும்புக்கு வேறு பிட்

கேள்வி: மரத்திலும் இரும்புத் தகட்டிலும் நன்றாகத் துளையிட்ட டிரில் பிட், கான்கிரீட் சுவரில் வைத்த சில நொடிகளில் முனை மழுங்கி நீலநிறமாகிவிட்டது. பிட் தரமற்றதா?

பதில்: பிட்டின் மீது குறையில்லை. உங்களிடம் இருந்தது எச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகு பிட்டாக இருக்க வேண்டும். கூரிய விளிம்பால் பொருளைச் சீவிச் சுருளாக வெளியேற்றுவதே அதன் வேலை. கான்கிரீட்டோ சீவலுக்கு உட்படாது. அதை இடித்துத் துகளாக்கியே துளைக்க முடியும். அதிலுள்ள மணலும் சல்லியும் எஃகு விளிம்பைத் தேய்த்துவிட்டன; அந்த உராய்வின் வெப்பமே நீலநிறமாகத் தெரிகிறது. சுவருக்கான பிட்டின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு துண்டு பதிக்கப்பட்டிருக்கும். கான்கிரீட்டுக்கு அதை ஹேமர் இயக்கத்தில், அதாவது சுழல்வதோடு சுத்தியல்போல் இடிக்கவும் செய்யும் முறையில் பயன்படுத்துங்கள்; உள்ளீடற்ற செங்கல்லுக்கு ஹேமர் வேண்டாம், அதன் உட்சுவர் உடைந்துவிடும். துளையிடும் இடத்தில் மின்கம்பி செல்லவில்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: சாதாரண இரும்பில் எளிதாக இறங்கும் பிட், எவர்சில்வர் தகட்டில் சுற்றிக்கொண்டே இருக்கிறதே தவிர இறங்குவதில்லை. வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: வேகத்தைக் கூட்டுவதுதான் இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு. எவர்சில்வருக்கு, வெட்டுப்படாமல் வெறுமனே உரசப்படும் இடத்தில் மேலும் இறுகிக் கடினமாகும் இயல்பு உண்டு. ஆகவே பிட் ஒரே இடத்தில் வழுக்கிச் சுழலும் ஒவ்வொரு நொடியும் அடுத்த நொடியின் வேலையைக் கடினமாக்குகிறது. வேகத்தைக் குறைத்து, தயங்காமல் சீராக அழுத்தி, வெட்டு எண்ணெய் விட்டு, சுருள் தொடர்ந்து வெளிவருகிறதா என்று கவனியுங்கள். பொதுப் பயன்பாட்டு பிட்டின் முனைக்கோணம் 118 பாகை. எவர்சில்வருக்கு 135 பாகை முனையும், 5 அல்லது 8 விழுக்காடு கோபால்ட்டும் கொண்ட பிட்டை வாங்குங்கள். தங்கநிற டைட்டானியம் பூச்சைக் கண்டு அதுவும் இதற்கு இணையானது என்று எண்ணிவிட வேண்டாம். பூச்சு மேற்பரப்பில் மட்டுமே இருப்பதால் சாணை பிடித்தவுடன் வெட்டும் விளிம்பில் அது போய்விடும், கோபால்ட்டோ உலோகம் முழுவதிலும் கலந்திருக்கும். பிட் எதுவானாலும், விட்டம் பெரிதாகப் பெரிதாகச் சுழல்வேகம் குறைய வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி: மரத்தில் துளையிடும்போது மறுபக்கம் பிளந்துவிடுகிறது. டைல்ஸில் துளையிட்டால் விரிசல் விழுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மரத்துக்கு, நடுவில் ஊசிமுனை கொண்ட பிட் வழுக்காமல் இறங்கும், அடியில் ஒரு வீண் பலகையை இறுக்கிப் பிடித்துவைத்தால் மறுபக்கம் பிளக்காது. டைல்ஸில் ஹேமர் இயக்கம் கூடவே கூடாது. மெல்லிய பீங்கான் டைல்ஸுக்கு ஈட்டிமுனைக் கார்பைடு பிட் போதும். விட்ரிஃபைட் டைல்ஸுக்கு வைரத்துகள் பதித்த பிட்தான் வேண்டும். குறியிட்ட இடத்தில் டேப் ஒட்டி, மெதுவான வேகத்தில் தொடங்கி, ஈரப் பஞ்சால் அவ்வப்போது குளிர்வியுங்கள். இயந்திரத்தின் மீது நீர் படக்கூடாது. டைல்ஸைக் கடந்து சுவரைத் தொட்டதும் சுவர் பிட்டுக்கு மாறிக்கொள்ளலாம்.