மறு: மண்டபம் வீட்டுக் கொல்லையில் வௌவால், டார்ச் அடித்தால் ஓடுகிறது

வணக்கம் அண்ணே. அந்தியில் வாதாமரத்துக்கு வரும் வௌவால்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட டார்ச் அடித்தால் பறந்துவிடுகின்றன, அம்மா மரத்தையே வெட்டச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வருவது இரண்டு வகை. பொழுது சாய்ந்ததுமே சின்னதாக, வெடுக்கு வெடுக்கென்று திரும்பிப் பறப்பவை பூச்சிதின்னிகள். காய்ந்த பனையோலைக்குள்ளும் ஓட்டு இடுக்கிலும் பகலைக் கழிப்பவை. நன்றாக இருட்டியபின் பழத்துக்கு வருபவை குட்டைமூக்குப் பழவௌவால்களாக இருக்கும். இவை பழுத்த மரத்தில் அதிக நேரம் தங்காது. ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு பக்கத்து மரத்துக்குப் போய்த் தலைகீழாகத் தொங்கியபடி தின்னும். எங்கள் கொல்லையில் வேப்பமரத்தடியில் காலையில் பார்ப்பேன்: சதை சுரண்டிய வாதாங்கொட்டை, பல் தடம் பதிந்த தோல், சாறு உறிஞ்சித் துப்பிய நார்ச்சக்கை. உங்களுக்கும் அப்படி ஒரு மரம் இருக்கும், தேடுங்கள்.

டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். அதையும் மரத்துக்கு நேராக அடிக்க வேண்டாம். மேற்கு வானத்தைப் பார்த்து உட்கார்ந்தால் முதல் அரைமணி நேரத்துக்கு விளக்கே வேண்டாம். கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) பலமாக வீசினால் பூச்சிதின்னிகள் காற்று மறைவில்தான் சுற்றும்.

அம்மா பயப்படுவதிலும் நியாயம் உண்டு. கடித்த பழத்தைப் பிள்ளைகள் எடுக்கக் கூடாது, கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது. தப்பித் தவறிக் கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கொட்டை கிடைத்தால் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.