என் கையெழுத்தே இல்லாம வீட்டை அடமானம் வெச்சுட்டாரு!

கேள்வி: வீடு என் பேர்லயும் என் வீட்டுக்காரர் பேர்லயும் சேர்ந்துதான் இருக்கு. தொழிலுக்கு லோன் வேணும்னு யாரையோ கூட்டிட்டுப் போயி என் கையெழுத்தப் போட வெச்சு அடமானம் வெச்சுட்டாரு. 60 நாள்ல பணம் கட்டணும்னு பேங்க் நோட்டீஸ் வந்தப்பதான் எனக்கே தெரியும். வீடு போயிடுமா சார்?
- வாசகி, மதுரை

பதில்: நீங்க போடாத கையெழுத்து உங்க பங்கைக் கட்டுப்படுத்தாதும்மா, அதுல தைரியமா இருங்க. ஆனா அவரு பங்கு மேல அவரு வெச்ச அடமானம் நிக்கும், அதனால முழு வீடும் தப்பிச்சுடும்னு நான் சொல்ல மாட்டேன். (வீடு அவர் பேர்ல மட்டும் இருந்திருந்தா மனைவி சம்மதம் கட்டாயம்னு நம்ம சட்டத்துல பொதுவா கிடையாது, நெறைய பேரு இருக்குன்னு நம்பிட்டு இருக்காங்க.)

வந்திருக்கிறது 2002 சர்ஃபேசி சட்டப்படி (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை பேங்க் எடுக்க வழி பண்ற சட்டம்) 13(2) பிரிவு நோட்டீஸ் மாதிரி தெரியுது. பேசாம மட்டும் இருந்துடாதீங்க. அந்த 60 நாளுக்குள்ளயே, இது என் கையெழுத்து இல்ல, நான் பேங்க் பக்கமே வரலன்னு எழுத்துல ஆட்சேபம் அனுப்பி அக்னாலட்ஜ்மென்ட் வாங்கி வெச்சுக்கங்க, 15 நாள்ல அவங்க பதில் சொல்லியாகணும். அதையும் மீறி வீட்டை பேங்க் தன் வசம் (பொசஷன்) எடுத்தா 45 நாளுக்குள்ள கடன் மீட்பு தீர்ப்பாயம் போகணும், அது மதுரைலயே இருக்கு. பத்திரம் போலி, என்னைக் கட்டுப்படுத்தாதுன்னு சிவில் கோர்ட்ல கேக்கறதுக்கு விஷயம் தெரிஞ்ச நாள்லேர்ந்து 3 வருஷம்தான் டைம்.

ஆதாரம்தான் இதுல உயிர். உடனே வில்லங்கம் போட்டுப் பாருங்க, எம்ஓடி (டாக்குமென்ட கொடுத்து அடமானம் வெச்சதைச் சொல்ற பத்திரம்) பதிவாகியிருந்தா சார்பதிவாளர் ஆபீஸ்ல வந்தவங்க போட்டோ, கைரேகை எல்லாம் இருக்கும். அந்த ரேகை உங்களது இல்லன்னு நிரூபிச்சா பேங்க் வாதம் ரொம்ப பலவீனமாயிடும். பதிவே ஆகாம டாக்குமென்ட மட்டும் கொடுத்து வெச்சிருந்தா, அதே காலத்துல நீங்க போட்ட அசல் கையெழுத்துங்க வேணும், பாஸ்போர்ட் ஃபார்ம், பழைய பத்திரம், பேங்க் அக்கவுன்ட் கார்டு மாதிரி. அப்பதான் எக்ஸ்பர்ட் ஒப்பிட்டுப் பாக்க முடியும்.

போலீஸ்ல புகார் கொடுத்தா அவரு மேலயும் கேஸ் வரும், சொந்தக்காரங்க வேணாம்பாங்க. அந்த வேதனை எனக்குப் புரியுது, முடிவு உங்களது. ஆனா புகாரே இல்லன்னா, புருஷன் பொண்டாட்டி சேர்ந்து பண்ற நாடகம்னு பேங்க் வக்கீல் கோர்ட்ல சொல்வாரு, அதுக்கு இடம் கொடுக்காதீங்க. ஒரு ஆளு நேர்ல வந்தாங்களான்னு சரியா பாக்காம லோன் கொடுத்த பேங்க் ஆபீசரையும் புகார்ல கேள்வி கேளுங்க, அவங்க பொறுப்பு சின்னதில்ல.

நடுவுல செட்டில்மென்ட், புது லோன்னு எந்தப் பேப்பரை நீட்டினாலும் வக்கீல் பாக்காம கையெழுத்துப் போடாதீங்க, தெரிஞ்சே ஒத்துக்கிட்டீங்கன்னு அதையே உங்களுக்கு எதிரா காட்டுவாங்க.