டெம்ப்ளேட்டை ஆணி இல்லாமல் பிடிக்க வாக்யூம் போதுமா?

கேள்வி: தேக்கில் நாற்காலிப் பின்கால் செய்கிறேன். டெம்ப்ளேட்டை (காலின் வடிவத்தில் வெட்டிய அச்சுப் பலகை) ஆணி வைத்து அடித்தால் ஓட்டை விழுகிறது, டபுள் சைடு டேப் ஒட்டினால் பிரிக்கவே நேரம் போகிறது. வாக்யூமில் பிடித்து ரூட்டர் டேபிளில் (சுழலும் வெட்டு பிட் மேலே நீட்டி நிற்கும் மேஜை) ஓட்டலாமா?
வாசகர், திண்டுக்கல்

தாராளமாக ஓட்டலாம். ஒரே கால் நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால் இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், வாக்யூம் பம்ப் மரத்தை இழுத்துப் பிடிப்பதில்லை, டெம்ப்ளேட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் காற்றைக் குறைத்துவிடுகிறது, வெளிக்காற்றுதான் இரண்டையும் சேர்த்து அழுத்துகிறது. வாக்யூம் கேஜில் 24 இஞ்ச் (பாதரச அளவு) காட்டினால் சதுர செ.மீ.க்குச் சுமார் 800 கிராம் (ஊட்டி போன்ற உயரத்தில் காற்றழுத்தமே நாலில் மூன்று பங்குதான், அங்கே இந்தக் கணக்கு குறையும்). உங்கள் கால் 5 செ.மீ. அகலம் என்று வையுங்கள், இரண்டு ஓரத்திலும் அரை செ.மீ. விட்டு டெம்ப்ளேட்டின் அடியில் சுற்றிவர 8 மி.மீ. அகல ஃபோம் டேப் ஒட்டினால் உள்ளே மிஞ்சுவது இரண்டரை செ.மீ. கூட இல்லை, 85 செ.மீ. நீளத்துக்கு 160 கிலோ அழுத்தம் கிடைக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? அந்த 160 கிலோ மேலிருந்து கீழே அழுத்துவது. பிட் தள்ளுவதோ பக்கவாட்டில். அதைத் தாங்குவது உரசல் மட்டும்தான், அது பாதிக்கும் கீழேகூடப் போகலாம். அதனால் டேப் வளையத்துக்குள்ளே அங்கங்கே உப்புத்தாள் துண்டு ஒட்டுங்கள், 120 நம்பர் போதும். ஃபோம் முழுசாக அமுங்கி மரம் உப்புத்தாளில் உட்கார வேண்டும், ஃபோம் மேலேயே மிதந்தால் வேலை நடுவில் நகரும். டேப் வாங்கும்போது காற்றுப் புகாத ரகமா என்று வாயை வைத்து ஊதிப் பாருங்கள், பஞ்சு மாதிரி இருப்பது உதவாது.

டெம்ப்ளேட்டுக்கு வெறும் எம்டிஎஃப் வேண்டாம், அதன் உடம்பு வழியாகவே காற்று புகுந்துவிடும். 12 மி.மீ. ப்ளைவுட்டில் மைக்கா ஒட்டி, ஓரத்துக்கு இரண்டு கை லாக்கர் அடியுங்கள். டெம்ப்ளேட் மேலே, மரம் கீழே, நுனியில் பேரிங் உள்ள பிட் (பேரிங் டெம்ப்ளேட் ஓரத்தில் உருளும்), பம்ப் டியூபைக் கூரையிலிருந்து தொங்க விட்டால் கையில் சிக்காது. பம்புக்கு முன்னால் ஃபில்டர் கட்டாயம். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர்கூட இழுக்கும், மெதுவாகத்தான் இழுக்கும், எண்ணெயும் கக்கும்.

அப்புறம், பேண்ட்சாவில் டெம்ப்ளேட் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வரை வெட்டிவிட்டுத்தான் ரூட்டருக்கு வாருங்கள். பிட் சுற்றும் திசைக்கு எதிராகவே மரத்தை நகர்த்துங்கள். மரம் கோணி இருந்தால் முதலில் இழைத்து மட்டமாக்குங்கள், கோணல் மரத்தில் காற்று நிற்காது.

கேள்வி: அதே முறையில் கைப்பிடி, சின்ன பிராக்கெட் எல்லாம் செய்யலாமா? நடுவில் கரண்ட் போனால்?
வாசகர், கும்பகோணம்

சின்னத் துண்டுக்கு வேண்டவே வேண்டாம். 15 செ.மீ. நீளம், உள்ளே 2 செ.மீ. அகலம் என்றால் மொத்தமே 24 கிலோ, பக்கவாட்டில் அதிலும் பாதிதான் தாங்கும், நார் முனையில் பிட் ஒரு தடவை கவ்வினால் துண்டு பறந்து விரல் பிட்டுக்குப் போய்விடும். அதற்கு டாகிள் கிளாம்ப் (நெம்பினால் இறுக்கிப் பிடிப்பது) வைத்து, துண்டை உட்கார வைக்கும் பெட்டி ஜிக் செய்து, இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டுக்கொள்ளுங்கள், செலவும் குறைவு.

கரண்ட் போனால் ரூட்டரும் நிற்கும், ஆனால் பிட் சுழன்று ஓய சில விநாடி ஆகும். அந்த நேரத்துக்காகத்தான் பம்புக்கும் டெம்ப்ளேட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன டேங்க், பம்ப் பக்கம் நான்-ரிட்டர்ன் வால்வு (காற்று திரும்பி வராமல் தடுப்பது). இதைவிட ஆபத்து பம்ப் மட்டும் ட்ரிப் ஆகி ரூட்டர் ஓடிக்கொண்டிருப்பது, சத்தத்தில் தெரியவே தெரியாது. கேஜைக் கண் மட்டத்தில், ரூட்டருக்கு நேர் பின்னால் மாட்டுங்கள், 20 இஞ்சுக்குக் கீழே முள் இறங்கினால் மரத்தைப் பிட்டிலிருந்து விலக்கிவிட்டு ரூட்டரை நிறுத்துங்கள்.