எம்ஆர்ஐ எண் மாறினால் உடம்பும் மாறிவிட்டதா? – கேள்வி பதில்

எம்ஆர்ஐ அறையிலேயே வேலைக்காலத்தைக் கழித்துவிட்டு இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சில.

கூடலூரிலிருந்து: சார், தம்பிக்கு சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய். அடிக்கடி ரத்தம் ஏற்றுகிறோம். அதனால் ஈரலில் சேரும் இரும்பைப் பார்த்ததில் போன வருஷம் டி2 ஸ்டார் (இரும்பு கூடக் கூடக் குறையும் எண்) 6 மில்லிசெகண்ட், இந்த வருஷம் வேறு ஊரில் 3.2. இரும்பு இரட்டிப்பாகிவிட்டதா?

பதில்: இரண்டும் எத்தனை டெஸ்லா (காந்த பலத்தின் அளவு) மெஷின் என்று முதலில் கேளுங்கள். 1.5 டெஸ்லாவில் 6 காட்டும் ஈரல், 3 டெஸ்லாவில் ஏறக்குறைய 3 தான் காட்டும். காந்தம் இரட்டித்தால் இரும்பு சிக்னலை அழிக்கும் வேகமும் கிட்டத்தட்ட இரட்டிக்கும். இதயத்துக்குச் சொல்லும் ‘20-க்குக் கீழே போகக் கூடாது’ என்ற கணக்கும் 1.5 டெஸ்லாவுக்குத்தான். நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த ரத்தக் கோளாறு பதிவானது 1952-ல். அவ்வளவு காலமாகத் தெரிந்த நோய்க்கு, ரிப்போர்ட்டில் காந்த அளவு போட ஒரு வரி ஒதுக்கக் கூடாதா?

மஞ்சூரிலிருந்து: ஈரல் கொழுப்பு 9 சதவீதம் இருந்தது, இப்போது 8. குறைந்துவிட்டதுதானே?

பதில்: ஒரே மூட்டைப் பச்சை இலையைப் பனியோடு ஒரு தடவை, வெயில் பட்டபின் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். ஸ்கேனும் அப்படித்தான். எழுப்பி மறுபடி படுக்க வைத்தாலே ஒரு புள்ளி ஆடும். 4 வந்தால் நம்பலாம். நடைப்பயிற்சியை விடாதீர்கள்.

குன்னூர் மாணவி: சார், மாசாமாசம் பேன்டம் (ஆளுக்குப் பதிலாக வைத்து அளக்கும் பாட்டில்) வைத்துச் சரிபார்த்தால் போதாதா?

பதில்: போதாதும்மா. ஒரு டிசம்பர் காலை, பேன்டத்தில் நீரின் பரவல் அளவு, அதாவது நீர் மூலக்கூறுகள் பரவும் வேகம், 15 சதவீதம் குறைவாக வந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்று இன்ஜினியருக்குப் போன் போட்டோம். கையில் தூக்கியபோதுதான் உறைத்தது, பாட்டில் ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது! ராத்திரி முழுக்க ஸ்டோர் ரூமில் கிடந்திருக்கிறது. ஸ்கேன் அறையில் பாதி நாள் வைத்து எடுத்தோம், எண் பழையபடி வந்தது. ஒரு டிகிரிக்கு இரண்டு மூன்று சதவீதம் மாறும். அதனால்தான் உருகும் ஐஸில் மூழ்க வைத்து எடுப்பது. பூஜ்ஜியம் டிகிரியில் தண்ணீருக்கு விநாடிக்கு 0.0011 சதுர மில்லிமீட்டர், எந்த ஊரிலும் எந்த வருஷத்திலும். அப்புறம், பேன்டம் மூச்சு விடாது, நெளியாது. சிக்னலை வாங்கும் கம்பிச்சுருளை (coil) மாற்றினால், சாஃப்ட்வேர் மாற்றினால், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரு ஆளையும் படுக்க வைத்து எடுத்துப் பார்.

ஊட்டியிலிருந்து: அம்மாவின் மூளை அளவு ஒரே வருஷத்தில் 1 சதவீதம் குறைவு என்கிறது ரிப்போர்ட். நடுவில் அளக்கும் சாஃப்ட்வேரை மாற்றினார்களாம்.

பதில்: அப்படியானால் இரண்டு வருஷத்துப் படங்களையும் புதியதிலேயே ஓட்டச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்காமல் வந்தாலும் மூளை கொஞ்சம் சுருங்கித் தெரியும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பழைய சிடி பத்திரமாக இருக்கிறதா?