13 எப்படி 50 ஆனது? அமெரிக்க மாநிலங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பிற்பாடு சேர்ந்த 37 மாநிலங்களும் போரில் பிடித்தவையா சார்?

பதில்: எல்லாம் இல்லை. 1803-ல் லூசியானா என்ற பெரிய நிலப்பரப்பைப் பிரான்சிடம் 1.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். நாடு ஏறக்குறைய இரட்டிப்பானது. கலிஃபோர்னியா பக்கம் மெக்சிகோ போரில் வந்தது. கென்டக்கி வர்ஜீனியாவிலிருந்தும், மெய்ன் மாசசூசெட்ஸிலிருந்தும் பிரிந்தவை.

கேள்வி: நிலம் கைக்கு வந்ததும் மாநிலம் ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. 1787-ல் வந்த வடமேற்குச் சட்டத்தைப் பாருங்கள். ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே இருந்த நிலத்துக்காகப் போட்டது. முதலில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) நியமிக்கும் ஆளுநரும் செயலாளரும் மூன்று நீதிபதிகளும் மட்டும். அடிமையல்லாத, வயது வந்த ஆண்கள் 5,000 பேர் சேர்ந்ததும் ஒரு சட்டமன்றம். அடிமையல்லாத மக்கள் 60,000 ஆனதும் மாநிலம், அதுவும் பழைய 13-க்குச் சரிசமமாக. புது நிலத்தைக் காலனியாகவே வைத்திருக்காமல் சம உரிமைக்கு வழி வைத்தார்களே, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அங்கே அடிமை முறைக்கும் தடை போட்டார்கள்.

கேள்வி: அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடிகள்?

பதில்: அவர்கள் சம்மதமில்லாமல் நிலத்தை எடுக்க மாட்டோம் என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. 1830-ல் பூர்வகுடிகளை மேற்கே அனுப்பும் வெளியேற்றச் சட்டம் வந்தது. செரோக்கி என்ற பூர்வகுடி மக்களை ராணுவத்தை வைத்து மேற்கே துரத்தினார்கள். வழியிலேயே ஆயிரக்கணக்கில் இறந்துபோனார்கள். இது உங்களுக்கு என்று காட்டிய 'இந்தியப் பிரதேசம்' (பூர்வகுடிகளை 'இந்தியர்' என்றுதான் அழைத்தார்கள்) நாளடைவில் துண்டுதுண்டாகக் கைமாறியது. 1905-ல் பூர்வகுடிகள் மிச்சத்தைச் செக்கோயா என்ற தனி மாநிலமாக்கக் கேட்டார்கள். காங்கிரஸ் இசையவில்லை. 1907-ல் அதையும் சேர்த்து ஒக்லஹோமா மாநிலம் ஆக்கிவிட்டார்கள். இதைச் சொல்லாமல் மாநிலக் கணக்கு மட்டும் சொல்வது நியாயமில்லை.

கேள்வி: எல்லா இடங்களும் ஒரே நடைமுறையில்தான் மாநிலமாயினவா?

பதில்: எங்கே! டெக்சாஸ் 1845-ல் நேரடியாக மாநிலமாகவே சேர்ந்தது. நியூ மெக்சிகோ 1850 முதல் 1912 வரை 62 வருடம் காத்திருந்தது. ஸ்பானிஷ் பேசும் கத்தோலிக்கர்கள் அதிகம் என்ற தயக்கம் அதில் பெரும் பங்கு வகித்தது.

கேள்வி: வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா மாநிலங்களில் எது மூத்தது?

பதில்: யாருக்கும் தெரியாது தம்பி. 1889 நவம்பர் 2 அன்று இரண்டையும் மாநிலமாக்கும் ஆவணங்களைக் கலைத்து, பெயர் தெரியாமல் மறைத்து வைத்துத்தான் அதிபர் ஹாரிசன் கையெழுத்துப் போட்டார். அப்புறம் ஆங்கில அகரவரிசைப்படி வடக்குக்கு 39, தெற்குக்கு 40 என்று எண் கொடுத்துவிட்டார்கள்.